குளியலறைக் குழாய்: பளபளப்புக்கு முன் அழுத்தத்தைப் பாருங்கள்

குளியலறையைப் புதுப்பிப்போர் பலர், கடையில் பளபளப்பைப் பார்த்தே குழாயை வாங்கிவிடுகிறார்கள். முதலில் கவனிக்க வேண்டியது வீட்டின் நீர் அழுத்தம்.

மலேசியத் தரை வீடுகளில் குளியலறைத் தண்ணீர் பெரும்பாலும் கூரைத் தொட்டியிலிருந்தே இறங்குகிறது. 10 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கினால்தான் ஏறக்குறைய 1 பார் அழுத்தம் கிடைக்கும். ஷவருக்கு மேலே 2 மீட்டர் உயரத்தில் தொட்டி இருந்தால் 0.2 பார் மட்டுமே. அகலமான மழை ஷவரை அங்கே மாட்டினால் தண்ணீர் சொட்டத்தான் செய்யும், பம்ப் தேவைப்படும்.

சோதிப்பது எளிது. இப்போதைய ஷவரில் 10 லிட்டர் வாளி நிரம்ப 2 நிமிடம் ஆனால், வரத்து நிமிடத்துக்கு 5 லிட்டர். புதிய குழாய்க்குக் குறைந்தது எவ்வளவு அழுத்தம் தேவை என்பதைக் கடையில் கேட்டு வாங்குங்கள்.

சுடுநீரில் இன்னொரு கவனம். ஒரே ஷவருக்கான உடனடி ஹீட்டரில் நீர் வெளியேறும் வழி எப்போதும் திறந்திருக்க வேண்டும். அதற்குப் பின் மிக்ஸரோ அடைப்புக் குழாயோ பொருத்தினால் உள்ளே அழுத்தம் ஏறி ஆபத்தாகலாம். பாத்டப்புக்கு மிக்ஸர் வேண்டுமென்றால், அதற்கேற்ற தொட்டி வகை ஹீட்டரை முதலிலேயே திட்டமிட வேண்டும்.

டைல்ஸ் ஒட்டிய பின் சுவருக்குள் இருக்கும் பைப்பை மாற்ற, சுவரை உடைப்பதைத் தவிர வேறு வழியில்லை.