ஏணியில் ஏறும் முன் ஒரு நிமிஷம்!

ஐப்பசி மழை நெருங்கினால், "மாடி ஷீட் ஒழுகுதே, நானே பார்த்துடறேன்" என்று ஏணியைத் தூக்குபவரா நீங்கள்? வயது அறுபதைத் தாண்டிவிட்டதா? கொஞ்சம் நில்லுங்க!

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதை தூத்துக்குடிக்காரர்கள் மறப்பார்களா? கூரையைக் கவனிக்க வேண்டியதுதான். ஆனால் மழைக்கு முன்பே, நன்றாகக் காய்ந்த நாளில்!

உப்புக்காற்றில் போல்ட்டுகள் துருப்பிடிக்கும். பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் பார்க்கக் கெட்டியாக இருக்கும். கால் வைத்தால் சட்டென்று உடையும். அதை அறுக்கவோ, துளையிடவோ வேண்டாம். அந்தத் தூசி நுரையீரலுக்கு எமன்.

ஏணியின் அடி, நாலடி உயரத்துக்கு ஓரடி வீதம் சுவரிலிருந்து தள்ளி இருக்கட்டும். கீழே ஒருவர் பிடித்துக்கொள்ள, கைக்கு எட்டுவதை மட்டும் ஏணியில் நின்றே செய்யுங்கள்.

பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குக் குனிந்து நிமிர்ந்தால் தலை சுற்றலாம். பைஃபோகல் கண்ணாடியில் ஏணிப்படி மங்கலாகத் தெரியும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர் விழுந்தால், சின்ன அடிகூட ஆபத்து.

இதில் ஒன்று இருந்தாலும் ஏறாதீர்கள். ஒழுகும் இடத்தை உள்ளேயிருந்தே பார்த்து வைத்துக் காட்டுங்கள். பலகை போட்டு ஏற வேண்டியவர் வேலை தெரிந்த ஆள். ஷீட் உடைந்தால் வேறு வாங்கலாம். இடுப்பெலும்பு உடைந்தால்?