கதிர்காமத்துக்கு முன்னே போன மலை

உடப்புசல்லாவைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து உயர்தரம் படிக்கும் பிள்ளை ஒருத்தி கடிதம் எழுதியிருந்தாள். அவளுடைய அப்பா கான் வெட்டும்போது அலவாங்கில் பட்டுத் தெறித்த கல் ஒன்றையும் கடதாசியில் சுற்றி உறைக்குள் வைத்திருந்தாள். சாம்பல் நிறக் கல். அதில் மிளகு அளவில் செக்கச்சிவந்த பொட்டுகள். "சேர், எங்கள் மலை முன்பு எரிமலையாக இருந்ததா? இந்தச் சிவப்பு நெருப்பில் வெந்த அடையாளமா? தாத்தா அப்படித்தான் சொல்கிறார்."

தாத்தா சொல்வதில் பாதிக்கு மேல் உண்மை, மகள். கல் வெந்தது உண்மை. ஆனால் அது வெந்த இடம் தரைக்குக் கீழே 20, 30 கிலோமீற்றர் ஆழத்தில். நீ தினமும் பார்க்கிற மலை ஒருநாளும் வெடித்ததில்லை. மஹாஓயாவில் வெந்நீர் ஊற்று இருக்கிறதே என்று தாத்தா கேட்கக்கூடும். ஆழமான வெடிப்புகளில் இறங்கிய மழைநீர் அடிச்சூட்டில் காய்ந்து மேலே வருவதுதான் அது. இருந்தாலும் இந்தக் கல்லின் கதையில் எரிமலைகள் வரத்தான் செய்கின்றன.

பூமியின் தட்டுகள் நகர்வதும் மோதுவதும் வகுப்பில் படித்ததுதான். பாடப்புத்தகம் வேகமாகத் தாண்டிவிடும் ஓரிடத்தில் மட்டும் நிற்போம். கடலடித் தட்டு ஒன்று இன்னொரு தட்டுக்குக் கீழே அமிழும்போது, மேலே எரிமலைகள் வரிசையாக முளைக்கின்றன. அமிழ்வதோ குளிர்ந்த பாறை. குளிர்ந்த பாறை போய் எப்படி நெருப்பை உண்டாக்கும்?

விடை தண்ணீரில் இருக்கிறது. பொங்கலுக்கு அம்மா வெல்லம் காய்ச்சுவதைப் பார்த்திருப்பாய். வெறும் சட்டியில் போட்டால் அடிப்பிடித்துக் கருகும். ஒரு கை தண்ணீர் தெளித்தால் சற்று நேரத்தில் இளகிப் பாகாகிவிடும். அடுப்பின் சூடு அதேதான். கடலடித் தட்டு பல கோடி ஆண்டுகள் கடலில் ஊறிக் கிடந்தது. அதன் கனிமங்களுக்குள்ளேயே நீர் கட்டுண்டிருக்கிறது. ஏறத்தாழ 100 கிலோமீற்றர் ஆழம் போனதும் அழுத்தமும் சூடும் அந்த நீரைப் பிழிந்து வெளியேற்ற, அது மேலேயுள்ள சூடான பாறைக்குள் ஏறுகிறது. அதுவரை உருகாமல் நின்ற பாறை, நீர் பட்டதும் உருகத் தொடங்குகிறது. சுமத்திராவும் ஜாவாவும் எரிமலை வரிசையாக நிற்பது இதனால்தான். 2004 டிசம்பர் 26 அன்று நம் கரைகளை அழித்த கடல் எழுந்ததும், அதே தட்டு அமிழும் விளிம்பு ஒரே நாளில் வெடுக்கென்று நகர்ந்ததால்தான்.

இப்படி வில்லாக வளைந்து நிற்கும் எரிமலைத் தீவுகள் கடைசியில் எங்கே போகும்? என் அப்பா தேயிலை ஸ்டோரில் வேலை செய்தவர். சின்ன வயதில் சாப்பாடு கொண்டுபோகும்போது பெல்ட்டுக்குப் பக்கத்தில் நின்று பார்ப்பேன். பெல்ட் விளிம்பில் மடங்கிக் கீழே போய்விடும். மேலே வந்த கொழுந்து அதோடு போகாமல் விளிம்பில் குவியும். கடல் தட்டும் அப்படித்தான் மடங்கி உள்ளே போகிறது. அதன்மேல் ஏறி வருகிற எரிமலைத் தீவுகளின் அடித்தளம் தடித்தது, கனம் குறைந்தது. அது அமிழாது, கண்டத்தின் விளிம்பில் வந்து மோதி ஒட்டிக்கொள்ளும். பின்னால் வருவதும் வந்து இடிக்கும். இடையில் கிடந்த கடல் முழுவதும் உள்ளே போய்த் தீர்ந்ததும், கடைசியில் கண்டமும் கண்டமும் நேருக்கு நேர் மோதி எல்லாம் மடிந்து எழும். இமயத்தின் வடமேற்கில் பாகிஸ்தானின் கோகிஸ்தான் பகுதி, இந்தியாவுக்கும் ஆசியாவுக்கும் நடுவே நசுங்கிப்போன அப்படியொரு தீவு வரிசைதான்.

நம் நாட்டுக்கு வருவோம். இலங்கையின் பழம்பாறையைப் புவியியலாளர்கள் பெரிதாக மூன்று பாகமாகப் பார்க்கிறார்கள். மேற்கிலும் வடக்கிலும் வன்னித் தொகுதி. அநுராதபுரமும் வவுனியாவும் அதன்மேல். கிழக்கே மட்டக்களப்பு, மொனராகலைப் பக்கம் விஜயன் தொகுதி. நடுவில் நுவரெலியா, ஹற்றன், உடப்புசல்லாவை எல்லாம் அடங்கிய உயர்நிலத் தொகுதி. விஜயன் பாறைகளில் பெரும்பகுதி 100 முதல் 110 கோடி ஆண்டுகளுக்கு முன் உருகி உறைந்தவை. எரிமலை வில் ஒன்றின் அடிவேர்ப் பாறைக்குரிய இரசாயனம் அவற்றில் தெரிகிறது. நடுவிலுள்ள நம் மலைநாட்டுப் பாறையோ பெரிதும் பழைய கடலில் படிந்த மணலும் சேறும் சுண்ணாம்பும். 61 முதல் 53 கோடி ஆண்டுகளுக்கு முன் கோண்டுவானாப் பெருங்கண்டம் ஒன்றுசேர்ந்தபோது, இரு பக்கமும் வந்து நெருக்க, நடுவில் கிடந்த வண்டல் ஆழத்தில் புதைந்து வெந்தது. எந்தத் தட்டு எந்தப் பக்கம் அமிழ்ந்தது என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் வாக்குவாதம் உண்டு. வெந்த சூட்டில் வாக்குவாதமில்லை: 800 பாகை செல்சியஸ்; சில இடங்களில் 900க்கும் மேல். அந்தச் சூட்டில் சேற்றிலிருந்த இரும்பும் அலுமினியமும் சேர்ந்து முளைத்ததுதான் நீ அனுப்பிய கல்லின் சிவப்புப் பொட்டு. கார்னெட் என்பார்கள். கோமேதகத்தின் உறவு.

இந்த வயதையெல்லாம் எப்படிக் கண்டார்கள் என்றால், சேர்க்கான் என்ற மணியை வைத்து. அதற்குள் சிக்கிய யுரேனியம் சீரான வேகத்தில் ஈயமாகிக்கொண்டே இருக்கும். பழைய தேயிலை மரத்தின் அடியைப் பார்: ஒவ்வொரு கவ்வாத்துக்கும் ஒரு முடிச்சு. மூத்த ஆட்கள் அதைத் தடவியே மரம் எத்தனை கவ்வாத்துக் கண்டது என்பார்கள். சேர்க்கானும் ஒவ்வொரு முறை வேகும்போதும் மேலே ஒரு சுற்று வளரும். வெளிச்சுற்று 55 கோடி ஆண்டு என்று சொல்ல, உள்மணி 200 கோடி என்று சொல்லும். 300 கோடியைத் தாண்டிய மணிகளும் நம் மலைநாட்டுப் பாறையில் கிடைத்திருக்கின்றன. எந்த மலையோ தேய்ந்து, எந்த ஆறோ அடித்துவந்த மணல்.

எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இனிமேல்தான். கதிர்காமத் திருவிழாவுக்கு நாம் எல்ல, வெல்லவாய வழியாக இறங்குகிறோம். மலை முடிந்து சமவெளி வருகிறது. பாறையும் மாறி விஜயன் தொகுதி தொடங்குகிறது. அப்படியே போய்க் கதிர்காமம் சேர்ந்தால், திடீரென்று குன்றுகள். அவற்றின் பாறை சமவெளிப் பாறையல்ல. நம் மலைநாட்டுப் பாறை. சுற்றிலும் விஜயன், நடுவில் தீவாக உயர்நிலத் தொகுதி. புத்தலவிலும் இப்படி ஒரு துண்டு உண்டு. இந்தக் குன்றுகளுக்கு வேர் இல்லை. துளைத்துக்கொண்டே இறங்கினால் மறுபடி விஜயன் பாறைதான் வரும்.

மோதல் நடந்தபோது மலைநாட்டுப் பாறை கிழக்கே தள்ளப்பட்டு, விஜயன் தொகுதியின்மேல் கம்பளி போர்த்தியதுபோல ஏறிப் படுத்தது. பிறகு கோடிக்கணக்கான ஆண்டு மழையில் அந்தக் கம்பளி நைந்தது. நடுவே கிழிந்து போக, ஓரத்துத் துண்டுகள் மட்டும் அங்கங்கே ஒட்டிக்கொண்டு நின்றன. நம் பாட்டன்மார் மலைநாட்டுக்கு வருவதற்கு எத்தனையோ காலம் முன்பே, மலைநாடு கதிர்காமம் போய்ச் சேர்ந்துவிட்டது. முதன்முதலில் இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இந்த மலைகளைச் சுத்தியலோடு நடந்து பார்த்தவர்களில் முக்கியமானவர் ஒரு தமிழர். 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிம அளவைத் திணைக்களத்தின் முதல் பணிப்பாளராக இருந்த ஆனந்த குமாரசுவாமி. தோரியனைட் என்ற கனிமத்தை உலகுக்குக் காட்டியவர். நடராஜர் நடனத்தைப் பற்றி எழுதியவராக அவரைக் கொண்டாடுகிறோம். கல் பார்த்த குமாரசுவாமியை மறந்துவிட்டோம். நம் றோட்டோரத்தில் பச்சை கலந்த கருமையில் நிற்கும் சார்னொக்கைட், சென்னைப் பல்லாவரத்துக் கல்லின் இனம். கல்கத்தாவிலுள்ள ஜோப் சார்னொக் என்ற ஆங்கிலேயரின் கல்லறைப் பலகை அந்தக் கல்லால் ஆனது என்பதால் 1893இல் புவியியலாளர் ஹாலண்ட் அந்தப் பெயரை வைத்தார். நாமோ எல்லாவற்றையும் கருங்கல் என்று ஒரே பெயரில் அழைத்து, வெடிவைத்துச் சல்லியாக்குகிறோம். தோட்டப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு வாசலில் கிடக்கும் கார்னெட்டை யாரும் எடுத்துக் காட்டுவதில்லை. இது எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது.

ஏனென்றால் இது வெறும் பழங்கதையல்ல. அன்று மடிந்த பாறை பட்டை பட்டையாகச் சாய்ந்து நிற்கிறது. நம் மலைகள் பலவற்றில் ஒரு பக்கம் செங்குத்தாகவும் மறுபக்கம் சரிவாகவும் இருப்பது அதனால்தான். சரிவான பக்கத்தில் பட்டையும் நிலமும் ஒரே திசையில் சாய்கின்றன. பட்டைகளுக்கிடையே பாறை உக்கிக் களியாகிறது. அடைமழையில் நீர் இறங்கினால் அந்தக் களி வழுக்கும். 2007 ஜனவரியில் வலப்பனைப் பக்கம் சரிந்தது. 2014 ஒக்டோபர் 29 அன்று மீரியபெத்தையில் லயங்களே மண்ணுக்குள் போயின. மழைநீரை மெதுவாக வெளியே கொண்டுபோகத்தான் மலையில் கான் வெட்டினார்கள். நான் நடந்து பார்த்த மலைகளில் பாதிக் கான்கள் தூர்ந்து கிடக்கின்றன. கான் வெட்ட ஆளில்லை என்கிறார்கள். கொழுந்துக்கு ஆள் தேடுகிற கை, கானுக்கும் தேட வேண்டும்.

கல்லை அடுத்த தபாலில் திருப்பி அனுப்புகிறேன். அதோடு உனக்கொரு வேலை. லயத்துக்குப் பின்னால் வெட்டிய மண்சுவரில் பாறைப் பட்டை தெரிகிற இடத்தை அப்பாவைக் காட்டச் சொல். மழையில்லாத நாளில், சற்றுத் தள்ளி நின்று பார். பட்டைகள் மலைக்குள் சாய்கின்றனவா, லயத்தை நோக்கிச் சாய்கின்றனவா? லயத்தை நோக்கி என்றால், மேலே நிலத்தில் புது வெடிப்பு உண்டா, மரங்கள் சாய்ந்திருக்கின்றனவா, ஊற்றுத் தண்ணீர் திடீரென்று கலங்கி வருகிறதா என்றும் பார்க்கச் சொல். அதில் ஒன்று இருந்தாலும் என் பதிலுக்குக் காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே கிராம உத்தியோகத்தரிடம் போய், தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்துக்குத் தெரிவிக்கச் சொல்லுங்கள்.