மன்னார் வளைகுடாவில் பவளம் வெளுத்தால் நமக்கென்ன?

பவளப்பாறையைக் கல் என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை. நுண்ணிய உயிர்கள் லட்சக்கணக்கில் கூடி, சுண்ணாம்புக் கூடு கட்டிக்கொண்டே வளர்வதுதான் அது. ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையிலுள்ள 21 தீவுகளைச் சுற்றி இது வளர்கிறது. மீனவர்கள் ‘பார்’ என்பார்கள்.

அது ஏன் வெளுக்கிறது? பவளத்தின் உடம்புக்குள் நுண்பாசி (கண்ணுக்குத் தெரியாத ஒற்றைச் செல் பாசி) குடியிருக்கிறது. வெயிலைக் கொண்டு அது உண்டாக்கும் உணவில்தான் பவளம் பெரும்பாலும் வாழ்கிறது. நிறமும் அந்தப் பாசியால் வருவதே. கடல்நீர் சூடேறினால் பவளம் அதை வெளியே தள்ளிவிடும். உள்ளேயுள்ள வெள்ளைக் கூடு தெரியும்.

எவ்வளவு சூடு? வழக்கமான கோடை உச்சத்தைவிட 1 டிகிரி கூடி, சில வாரங்கள் நீடித்தாலே போதும். இங்கே 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் பெருமளவில் வெளுத்தது.

வெளுத்தால் செத்துவிட்டதா? உடனே இல்லை, பட்டினி கிடக்கிறது. சீக்கிரம் சூடு தணிந்தால் பாசி திரும்பிவரும். தணியாவிட்டால் சாவுதான். செத்த பார் மறுபடி எழப் பல ஆண்டுகள் ஆகும். அதற்குள் அடுத்த கடும் கோடை வந்துவிடுகிறதே என்பதுதான் என் பெரிய கவலை.

சரி, இதில் உங்களுக்கு என்ன? முதலில் மீன். கலவா, விளமீன், கிளிமீன் எல்லாம் பாரை நம்பி வாழ்பவை. அதன் பொந்துகளில்தான் குஞ்சுகள் பெரிய மீன்களுக்குத் தப்பி ஒளிகின்றன. பார் செத்த அன்றே மீன் மறைந்துவிடாது. கூடு மெல்ல அரிபட்டு நொறுங்கி, பொந்துகள் தூர்ந்தபின் குறையத் தொடங்கும். நாட்டுப்படகுக்காரர் இன்னும் தூரம் போகவேண்டும். எரிபொருள் செலவு கூடும். அது நீங்கள் வாங்கும் மீனின் விலையிலும் தெரியும்.

அடுத்தது கரை. அலையின் வேகத்தை முதலில் தாங்குவது பார்தான். முன்பு சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டியெடுத்ததால் கரைந்துபோய், அந்த 21 தீவுகளில் இரண்டு இன்று நீருக்கடியில் கிடக்கின்றன. அன்று மனிதக் கை செய்ததை இன்று கடலின் சூடு செய்யக்கூடும்.

கடல் சூடாவதை நீங்கள் தனியாக நிறுத்த முடியுமா? முடியாது. ஆனால் வாடிய பவளம் தேறிவர உதவலாம். கிளிமீனும் ஓரா மீனும் பாறைமேல் படரும் பாசியை மேய்ந்து, இளம் பவளம் ஒட்டிக்கொள்ள இடம் தருகின்றன. அவற்றின் குஞ்சுகளைச் சந்தையில் கண்டால் வாங்காதீர்கள். கடற்கரைக் கடைகளில் அலங்காரத்துக்கு விற்கும் வெள்ளைப் பவளத் துண்டுகளும் வேண்டாம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அந்த வியாபாரமே குற்றம்.