மூட்டைக்கு மார்க்கு: தகடும் வினைல் ஸ்டிக்கரும்

நமது இதழில் வரி பற்றியும் உரிமம் பற்றியும் அடிக்கடி கட்டுரைகள் வருகின்றன. மூட்டையின் மேல் மார்க்கு போடுவதைப் பற்றி யாரும் எழுதியதாக எங்களுக்கு நினைவில்லை. கடைப் பையன் செய்கிற வேலைதானே என்று விட்டுவிடுகிறோம். அப்படி விட்டதால் நாங்கள் பட்ட பாட்டை முதலில் சொல்லிவிடுகிறோம்.

விருதுநகரிலிருந்து தேனி, கம்பம் பக்கத்து மளிகைக் கடைகளுக்குப் பருப்பு வகை அனுப்புவது எங்கள் வழக்கம். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஓர் எண் உண்டு. லாரி ரசீதில் எழுதும் மார்க்கும் அதுதான். தேனிக்காரர் எண் 68. கம்பத்துக்காரர் எண் 63. 1986ஆம் வருடம் தீபாவளிக்குப் பத்து நாள் முன்பு ஒரே லாரியில் இரண்டு பேருக்கும் சரக்கு ஏற்றினோம். தேனியில் இறங்க வேண்டிய 12 மூட்டை துவரம்பருப்பு இறங்காமல் கம்பத்துக்குப் போய்விட்டது. அங்கே இருந்தவர் தமக்குத்தான் கூடுதலாக வந்திருக்கிறது என்று நினைத்து, பாதியை விற்றும் விட்டார். தேனிக்காரர் பண்டிகை வியாபாரம் முழுவதும் பருப்பு இல்லாமல் உட்கார்ந்திருந்தார். நஷ்டத்தை நாங்கள் ஈடு செய்தோம். ஆனாலும் அடுத்த இரண்டு வருடம் அவர் எங்களிடம் கொள்முதல் செய்யவில்லை. அதில் அவரைக் குறை சொல்வதற்கில்லை.

லாரிக்காரர் மேல் கோபப்பட்டு என்ன பயன்? குற்றம் எங்கள் தகட்டில் இருந்தது. தகரத்தில் 8 என்று வெட்டினால் உள்ளே இருக்கும் இரண்டு வட்டத் துண்டுகளும் கழன்று விழுந்துவிடும். விழாமல் பிடித்துக்கொள்ள ஆங்காங்கே ஒரு சிறு பட்டையை வெட்டாமல் விடுவார்கள். பாலம் என்று அதற்குப் பெயர் சொல்வோம். எங்களுக்குத் தகடு வெட்டியவர் இரண்டு பாலத்தையும் இடப்பக்கமாகவே, அகலமாகவும் விட்டிருந்தார். அந்த 8ஐ நாலு அடி தள்ளி நின்று பார்த்தால் 3 மாதிரியே இருக்கும். போதாக்குறைக்குப் பையன் மையை வழிய வழியத் தேய்த்ததில் நிஜமான 3இன் வாய் அடைபட்டு அது 8 மாதிரி ஆகியிருந்தது. லாரியில் மங்கிய வெளிச்சத்தில் இறக்குகிறவர் எதை நம்புவார்?

அதன் பிறகு தகடு வெட்டும்போது 8க்கும் 0க்கும் பாலத்தை மேலும் கீழுமாக விடச் சொன்னோம். இடப்பக்கம் அடைபட்டிருந்தால் 8 ஒருநாளும் 3 ஆகாது. 6க்குக் கீழ் வட்டத்தின் அடியில் ஒரு பாலம் போதும். இடப்பக்கம் விட்டால் 5 போலத் தெரியும். தமிழ் எழுத்திலும் க, வ போன்றவற்றில் சுழி அடைபட்ட இடம் இருக்கிறது. அங்கும் இதே கவனம் வேண்டும். பாலம் கால் அங்குலத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். அதைவிட மெலிந்தால் நாலு மூட்டைக்குள் வளைந்து மேலே தூக்கிக்கொள்ளும்.

அடுத்தது மை. ஒரு காலத்தில் நாங்கள் மண்ணெண்ணெயில் கறுப்புப் பொடியைக் குழைத்து மார்க்கு போட்டோம். மலிவு, சீக்கிரம் காயும். ஆனால் சணல் சாக்கு ஊறி, மார்க்குக்கு நேர் உள்ளே இருந்த பருப்பில் மண்ணெண்ணெய் வாடை ஏறியது. ஒரு கடைக்காரர் கைப்பிடிப் பருப்பைப் பொட்டலம் கட்டித் தபாலில் அனுப்பி வைத்தார். கடிதம் எதுவும் எழுதவில்லை. அன்றோடு அதை நிறுத்தினோம். இப்போது உணவுப் பொருள் சிப்பங்களில் அச்சிடும் மை ஐ.எஸ். 15495 தரத்தில் இருக்க வேண்டும் என்றும், அச்சிட்ட பக்கம் உணவைத் தொடக்கூடாது என்றும் 2018ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு சிப்பமிடல் விதிமுறைகள் சொல்கின்றன. மை வாங்கும்போது உணவுச் சிப்பத்துக்கு என்று சொல்லிக் கேட்டு வாங்குவது நல்லது.

மை எதுவானாலும் போடும் முறை ஒன்றுதான். காலிச் சாக்கைப் பலகையில் விரித்து, மை மறுபக்கம் ஊறாமல் உள்ளே ஓர் அட்டையை வைத்து, தகட்டை அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். நிரம்பிய மூட்டையின் வயிறு புடைத்திருக்கும், தகடு படியாது. வெள்ளையடிக்கிற மாதிரி பிரஷ்ஷை இழுக்கக் கூடாது. இழுத்தால் மை தகட்டின் விளிம்புக்கு அடியில் புகுந்துவிடும். தட்டையாக வெட்டிய குட்டைப் பிரஷ்ஷையோ ஸ்பாஞ்சையோ மையில் தொட்டு, பழைய துணியில் ஒற்றி எடுத்து, ஏறக்குறைய உலர்ந்த நிலையில் செங்குத்தாகக் குத்த வேண்டும். பத்து மூட்டைக்கு ஒருமுறை தகட்டின் அடிப்பக்கத்தைத் துடைக்கவேண்டும். பையன்கள் மேல்பக்கத்தை மட்டும் துடைப்பார்கள்.

இனி வினைல். கடைப் பெயர்ப்பலகை செய்கிற ஸ்டிக்கர் கடைகளில் கம்ப்யூட்டரோடு சேர்ந்த கட்டிங் மெஷின் இருக்கிறது. வினைல் என்பது பின்பக்கம் பசை தடவிய மெல்லிய பிளாஸ்டிக் தாள். அதில் எழுத்தை வெட்டி, எழுத்தை எடுத்துவிட்டுச் சுற்றியுள்ள தாளை வைத்துக்கொண்டால் அதுவே ஒரு தகடு. இதில் பெரிய சௌகரியம், பாலமே தேவையில்லை. 8இன் உள்வட்டங்கள் தம் பசையிலேயே தனியாக ஒட்டிக்கொண்டு நிற்கும். 1986இல் இது கிடைத்திருந்தால் என்று நாங்கள் நினைப்பதுண்டு. ஆனால் அன்று கிடைத்திருந்தாலும் பயன் இராது. சணல் சாக்கில் வினைல் ஒட்டாது. நூலும் தூசியுமாக இருக்கும் இடத்தில் பசை பிடிக்க வழியில்லை. சாக்குக்கு இன்றும் தகடுதான். புதுத் தகடு வெட்டுவதானால், வினைலில் வெட்டிய எழுத்தைத் தகரத்தின் மேல் ஒட்டி, அதன் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு வெட்டச் சொல்லலாம். கோணல் இல்லாமல் வரும்.

வினைலுக்கு ஏற்ற இடம் பிளாஸ்டிக் பெட்டி, டிரம், தகர டின், மரப்பலகை முதலியவை. சில்லறைக் கடைகளுக்குப் போய்த் திரும்பி வர வேண்டிய பெட்டிகள் இப்போது எல்லோரிடமும் ஒரே நிறத்தில் இருக்கின்றன. மார்க்கு அழிந்த பெட்டி திரும்பி வருவதே இல்லை. ஒருவர் வேண்டுமென்று வைத்துக்கொள்கிறார் என்று சொல்ல முடியாது; யாருடையது என்று அவருக்குத் தெரியாது.

ஒட்டும் முறையில்தான் பலர் தவறுகிறார்கள். எண்ணெய்ப் பசை இருந்தால் வினைல் பிடிக்காது. சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்றாகக் காயவைத்து, ஸ்பிரிட் தோய்த்த துணியால் துடைக்கவும். பெயர்ப்பலகைக்காரர்கள் தண்ணீர் தெளித்து ஒட்டுவதைப் பார்த்து நாமும் அப்படிச் செய்யக்கூடாது. அடியில் நிற்கும் ஈரத்தில் பெயிண்ட் ஊடுருவும். உள்வட்டங்கள் இடம் மாறாமல் இருக்க ஸ்டிக்கர் கடையிலேயே மேலே ஒரு ஒட்டுத்தாள் போட்டுத் தரச் சொல்லவும். நடுவில் தொடங்கி ஓரம் நோக்கிப் பழைய ஏ.டி.எம். கார்டால் தேய்த்துப் படியவைத்து, மேல்தாளை மெதுவாக உரித்தபின் ஒவ்வொரு எழுத்தின் விளிம்பையும் நகத்தால் அழுத்த வேண்டும். முதலில் பெட்டியின் நிறத்திலேயே ஒரு மெல்லிய பூச்சை ஒற்றிக் காயவிட்டால், விளிம்பில் இருக்கும் சந்துகளை அது அடைத்துவிடும். பிறகு மார்க்கின் நிறத்தை ஸ்பாஞ்சால் இரண்டு மூன்று தடவை மெல்லிசாக ஒற்றவும். கெட்டியாக ஒரே தடவையில் பூசினால் வழியும். பெயிண்ட் முழுவதும் இறுகுமுன், விரலில் லேசாக ஒட்டும் பதத்தில், வினைலைத் தாழ்வாக மடித்து உரிக்க வேண்டும். இறுகியபின் உரித்தால் பெயிண்டும் சேர்ந்து கிழிந்து வரும்.

இன்னொரு சங்கடம், பெட்டியின் பிளாஸ்டிக்கில் எந்தப் பெயிண்டும் சரியாகப் பிடிப்பதில்லை. நாங்கள் முதலில் அடித்த 40 பெட்டிகளிலும் ஒரு மாதத்தில் செதில் செதிலாக உதிர்ந்துவிட்டது. இப்போது மார்க்கு விழும் இடத்தை நைசான எமரி தாளால் சொரசொரப்பாக்கி, பிளாஸ்டிக் பிரைமர் ஒரு கை அடித்து, காய்ந்தபின்தான் வினைல் ஒட்டுகிறோம். எல்லாம் பெட்டியின் வெளிப்பக்கத்தில் மட்டும். புதிதாக நூற்றுக்கணக்கில் பெட்டி வாங்குகிறவர்கள் தயாரிப்பாளரிடமே பெயரை அச்சில் வார்த்துத் தரக் கேட்டுவிடலாம். இத்தனை பாடு வேண்டியதில்லை.

ஒரு வினைல் தாள் பெரும்பாலும் ஒரே தடவைக்குத்தான். 20 பெட்டி இருந்தால் 20 தாள் ஒரே நேரத்தில் வெட்டி வாங்கி, சுருட்டாமல் தட்டையாக வெயில் படாத இடத்தில் வைத்துக்கொள்ளவும். தகரத் தகடுகளை நாங்கள் எண் வரிசைப்படி ஆணியில் தொங்கவிட்டிருக்கிறோம். 68ஐயும் 63ஐயும் மட்டும் அடுத்தடுத்த ஆணியில் மாட்டுவதில்லை.