உஷார்! கோர்ட்டில் உங்கள் கேஸை நடத்துவது யார்?

கடத்தூர்க்காரர்களே, அடிதடியோ, நிலத்தகராறில் வெட்டுக்குத்தோ, வீட்டுப் பெண்ணிடம் எவனாவது தப்பாக நடந்ததோ, நீங்கள் கொடுத்த புகார் ஒன்று கேஸாகிப் பாப்பிரெட்டிப்பட்டியிலோ அரூரிலோ தருமபுரியிலோ நடக்கிறதா? "ஜட்ஜ் ரொம்ப நேர்மையானவராம், இனி கவலையில்லை" என்று யாராவது சொன்னால் அதை நம்பி வீட்டில் இருந்துவிடாதீர்கள். ஜட்ஜ் நேர்மையானவராகவே இருக்கட்டும். தன் முன்னால் வந்து சேர்ந்த சாட்சியத்தை வைத்துத்தான் அவர் தீர்ப்பு எழுத முடியும். அதைக் கொண்டுவந்து சேர்க்கும் வேலை அரசு வக்கீலுடையது.

போலீஸ் கேஸில் புகார் கொடுத்தவருக்காகக் கேஸை நடத்தும் தனி வக்கீல் கிடையாது. கேஸ் நடக்கும்போது நீங்கள் முக்கியமாக ஒரு சாட்சிதான். மாஜிஸ்திரேட் கோர்ட்டில் ஏ.பி.பி. என்னும் உதவி அரசு வக்கீல், செஷன்ஸ் கோர்ட்டில் பி.பி. என்னும் அரசு வக்கீல் உங்களுக்காக நிற்பார். ஏ.பி.பி.யாவது டி.என்.பி.எஸ்.சி. தேர்வு எழுதி வந்தவர். செஷன்ஸ் கோர்ட் பி.பி.யை, கலெக்டர் மாவட்ட நீதிபதியைக் கலந்து தயாரிக்கும் பட்டியலிலிருந்து அரசு நியமிக்கிறது. ஆட்சி மாறினால் இந்த நாற்காலிகளிலும் ஆள் மாறுவதை நாம் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறோம். நீதிபதியின் மேல் ஆட்சியாளர் கை படாமல் இருக்க அரசியல் சட்டம் எத்தனையோ காவல் போட்டிருக்கிறது. அரசு வக்கீலுக்கு அந்தக் காவல் இல்லை. ஆபத்து அந்த வழியாகத்தான் உள்ளே வருகிறது.

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. நம் மாவட்டத்திலேயே நடந்திருக்கிறது. 2000 பிப்ரவரி 2, தருமபுரி இலக்கியம்பட்டியில் வேளாண் பல்கலைக்கழகப் பேருந்துக்குத் தீ வைத்தார்கள். மூன்று மாணவிகள் உயிரோடு எரிந்து போனார்கள். ஊரே பார்க்கப் பட்டப்பகலில் நடந்த கொடூரம். வழக்கு கிருஷ்ணகிரி கோர்ட்டுக்குப் போனது. அன்று கிருஷ்ணகிரியும் தருமபுரி மாவட்டம்தான். 2001-ல் குற்றம் சாட்டப்பட்டவர்களின் கட்சி ஆட்சிக்கு வந்தது. சாட்சிகள் ஒருவர் பின் ஒருவராகப் பிறழ்ந்தார்கள். அப்படியே விட்டிருந்தால் எல்லோரும் விடுதலையாகி வீட்டுக்குப் போயிருப்பார்கள். இறந்த மாணவி ஒருவரின் தந்தை விடவில்லை. உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 2003-ல் உயர் நீதிமன்றம் வழக்கைச் சேலத்துக்கு மாற்றி, தனி அரசு வக்கீலை வைத்து, முதலிலிருந்து விசாரிக்கச் சொன்னது. 2007 பிப்ரவரியில் சேலம் கோர்ட் மூன்று பேருக்குத் தூக்கும், 25 பேருக்கு ஏழாண்டுச் சிறையும் விதித்தது. தூக்கு பிறகு ஆயுளாகக் குறைந்ததும், 2018-ல் அவர்கள் வெளியே வந்ததும் தெரிந்த கதை. நான் சொல்ல வந்தது வேறு: நடந்த கொடுமை அதேதான், கூண்டில் நின்றவர்களும் அவர்களேதான். கோர்ட்டும் அரசு வக்கீலும் மாறியதும் கேஸுக்கு உயிர் வந்தது.

அரசு வக்கீல் எப்படிக் கேஸைக் கைவிடுவார் என்று பார்க்க வேண்டுமானால் 2003 நவம்பர் 18-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு போதும். ஜெயலலிதா மீதான சொத்துக்குவிப்பு வழக்கைச் சென்னையிலிருந்து பெங்களூருக்கு மாற்றிய தீர்ப்பு அது. மனு போட்டவர் தி.மு.க.வின் க. அன்பழகன். ஏற்கெனவே சாட்சி சொல்லி முடித்த 76 பேரைத் திரும்பக் கூப்பிட வேண்டும் என்று எதிர்த்தரப்பு கேட்டபோது பி.பி. தடுக்கவில்லை. வந்தவர்களில் 64 பேர் முன்பு சொன்னதை மாற்றிச் சொன்னார்கள். சாட்சி மாற்றிச் சொன்னால் பி.பி. உடனே எழுந்து, இவரைப் பிறழ் சாட்சியாக அறிவியுங்கள், குறுக்கு விசாரணை செய்ய அனுமதி கொடுங்கள் என்று கேட்க வேண்டும். அதையும் அவர் செய்யவில்லை. இதையெல்லாம் உச்ச நீதிமன்றமே சுட்டிக்காட்டியது. கவனியுங்கள், இதில் யாரும் ஆவணத்தைத் திருத்தவில்லை, நீதிபதியை மிரட்டவில்லை. ஒருவர் எழுந்திருக்க வேண்டிய நேரத்தில் எழுந்திருக்கவில்லை.

வாச்சாத்தியை மறக்க முடியுமா? சித்தேரி மலையடிவாரம், நமக்குப் பக்கத்து ஊர். 1992 ஜூன் 20-ல் சந்தனமரத்தைத் தேடுகிறோம் என்று வனத்துறையும் போலீசும் வருவாய்த்துறையும் சேர்ந்து நுழைந்து ஊரைச் சூறையாடின. 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். பெண்களும் குழந்தைகளுமாக ஊரே சிறைக்குப் போனது. குற்றவாளிகள் அரசு ஊழியர்கள். அப்படியானால் வழக்கை நடத்த வேண்டிய அரசு யார் பக்கம் நிற்கும்? மார்க்சிஸ்ட் கட்சியின் ஏ. நல்லசிவன் நீதிமன்றத்துக்குப் போய், மலைவாழ் மக்கள் சங்கமும் விடாமல் போராடி, 1995-ல் உயர் நீதிமன்றம் சி.பி.ஐ.க்கு மாற்றிய பிறகுதான் கேஸ் நகர்ந்தது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் இடையிலேயே இறந்துபோனார்கள். மிச்சமிருந்த 215 பேரையும் 2011 செப்டம்பர் 29-ல் தருமபுரி கோர்ட் குற்றவாளிகள் என்றது. அவர்களுடைய அப்பீல்களை நீதிபதி பி. வேல்முருகன் வாச்சாத்திக்கே நேரில் போய்ப் பார்த்துவிட்டு, 2023 செப்டம்பர் 29-ல் தள்ளுபடி செய்தார். வன்கொடுமைக்கு ஆளான அந்த 18 பெண்களுக்கும் ஆளுக்குப் பத்து லட்சம் ரூபாய் கொடுக்கவும் உத்தரவிட்டார். 31 ஆண்டுகள்! அந்தப் பெண்கள் ஒரு வாய்தாவில் சோர்ந்து உட்கார்ந்திருந்தாலும் எல்லாம் முடிந்திருக்கும்.

இப்போது புதிதாக ஒரு ஆபத்து. 2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் போய், பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா வந்திருக்கிறது. அரசு வக்கீல்களை மேற்பார்க்கும் குற்றவழக்குத் தொடர்வுத் துறை இயக்குநரை நியமிக்க உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியின் இசைவு வேண்டும் என்று பழைய மத்தியச் சட்டத்தின் 25ஏ பிரிவு சொன்னது. புதிய சட்டத்தின் 20-ஆம் பிரிவில் அந்த வரி இல்லை. வக்கீல் அனுபவத்தைப் பத்து ஆண்டிலிருந்து பதினைந்தாகக் கூட்டியவர்கள், தலைமை நீதிபதியை வெளியே விட்டுவிட்டார்கள். இயக்குநர் மாநில உள்துறையின் கீழ் இருப்பார். போலீசும் அதே உள்துறைதான். விடுதலைத் தீர்ப்பு வந்தால் அரசு அப்பீல் போகலாமா வேண்டாமா என்று கருத்துச் சொல்வதும் இந்தத் துறைதான். இவ்வளவு பெரிய மாற்றத்தைப் பற்றி டீக்கடையில் ஒரு பேச்சுக்கூட இல்லையே என்பதுதான் என் பதற்றம்.

இன்னொன்று, கேஸை வாபஸ் வாங்குவது. கோர்ட் அனுமதித்தால் அரசு வக்கீல் வழக்கையே திரும்பப் பெறலாம். 2015-ல் கேரளச் சட்டமன்றத்துக்குள் நாற்காலியை உடைத்து ரகளை செய்தவர்கள் மீதான வழக்கை அங்கே ஆட்சிக்கு வந்த அரசு இப்படி முடிக்கப் பார்த்தது. கீழ் கோர்ட் மறுத்தது. உயர் நீதிமன்றமும், 2021 ஜூலையில் உச்ச நீதிமன்றமும் மறுத்தன. எம்.பி., எம்.எல்.ஏ.க்கள் மேலுள்ள வழக்குகளை உயர் நீதிமன்ற அனுமதியில்லாமல் வாபஸ் வாங்கக் கூடாது என்று அடுத்த மாதமே உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டது. புதிய சட்டத்தில் நல்லது ஒன்றும் உண்டு: பாதிக்கப்பட்டவரைக் கேட்காமல் வாபஸுக்கு அனுமதி கொடுக்கக் கூடாது என்று 360-ஆம் பிரிவு சொல்கிறது. அதனால் "பெரியவங்க பேசிட்டாங்க, கேஸ் முடிஞ்சுது" என்று யாராவது வந்து சொன்னால் தலையாட்டாதீர்கள். கோர்ட் உங்களைக் கேட்டே ஆக வேண்டும்.

எல்லா அரசு வக்கீலையும் நான் குற்றம் சொல்லவில்லை. ஒரே நாளில் கட்டுக்கட்டாகக் கேஸ் பார்த்து, நேர்மையாக நின்று தண்டனை வாங்கிக் கொடுப்பவர்கள் நிறையப் பேர். அவர்களுக்கும் நீங்கள் கோர்ட்டில் வந்து நிற்பது பலம்தான். ஆகவே எஃப்.ஐ.ஆர். நகலை இலவசமாகக் கேட்டு வாங்கி வையுங்கள். வாய்தாவுக்கு வாய்தா போங்கள். கூண்டில் ஏறுவதற்கு முன்பே ஏ.பி.பி.யைப் பார்த்துப் பேசுங்கள். சாட்சிக்குச் சம்மன் போகவில்லை, வந்த சாட்சியை விசாரிக்காமல் திருப்பி அனுப்புகிறார்கள், மாற்றிச் சொன்னவரை யாரும் மறுத்துக் கேட்கவில்லை என்றால் உடனே விழித்துக்கொள்ளுங்கள். அரசு வக்கீலுக்கு உதவியாக உங்கள் சொந்த வக்கீலை வைத்துக்கொள்ளப் புதிய சட்டத்தின் 18-ஆம் பிரிவின்படி கோர்ட்டில் மனு போடலாம். பட்டியல் சாதி, பழங்குடியினருக்கான வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்து வழக்கானால், நமக்கு நம்பிக்கையான வக்கீலைத் தனி அரசு வக்கீலாகப் போடுங்கள் என்று கலெக்டரிடம் எழுதிக் கேட்கலாம். காசில்லையே என்று தயங்க வேண்டாம். பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு. 15100-க்குப் போன் செய்யுங்கள், அல்லது தருமபுரி கோர்ட் வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழுவைக் கேளுங்கள்.

எல்லாம் செய்தும் எதிரி விடுதலையாகிவிட்டால், அரசு அப்பீல் போகட்டும் என்று காத்திருக்காதீர்கள். புதிய சட்டத்தின் 413-ஆம் பிரிவின்படி பாதிக்கப்பட்டவரே அப்பீல் போகலாம். தீர்ப்பு வந்த அன்றே நகலுக்கு மனு எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் பஸ் ஏற வேண்டும். அப்பீலுக்கான கெடு அன்றிலிருந்தே ஓடத் தொடங்கிவிடும்.