கடைவாய்ப் பல்லும் தூக்க மாத்திரையும்

சோமனூரில், விசைத்தறிகளின் இரைச்சல் ஓயாத ஒரு தெருவிலுள்ள சிறிய வைத்தியசாலைக்கு, முப்பத்தைந்து வயது மகனைக் கைபிடித்து அழைத்து வந்த தாயார் ஒருவர், "ஏனுங்க டாக்டர், நாலு நாளா இவன் கன்னத்துலயே அடிச்சுக்கறானுங்க, சோறும் உங்கறதில்லீங்க, தூங்கறதுக்கு வேற மாத்திரை ஏதாச்சும் குடுங்க" என்று கெஞ்சி, வேறோரிடத்தில் தூக்க மாத்திரை எழுதித் தந்திருந்த சீட்டை நீட்டியதை நான் அருகிலிருந்து கண்டேன். அந்தச் சீட்டை ஓரமாக வைத்த குடும்ப வைத்தியர், டார்ச் விளக்கை மகன் கையிலேயே கொடுத்து, அவர் அதை எரியவிட்டும் அணைத்தும் அலுத்துப்போகும் வரையில் பொறுத்திருந்து, "எங்கீங்க தம்பி வலிக்குது?" என்று அவரிடமே கேட்டு, மெல்ல வாயைத் திறக்கச் செய்தபோது, கடைவாய்ப் பல் ஒன்று சொத்தையாகி, ஈறு சீழ் கட்டி வீங்கியிருந்தது.

அறிவுசார் குறைபாடுடைய பெரியவர்களுக்கு நாம் இழைக்கும் தலையாய அநீதி இதுதான்: சுபாவத்தில் தோன்றும் எந்த மாறுதலையும் குறைபாட்டின் கணக்கிலேயே எழுதிவிட்டு, அதன் அடியில் கிடக்கும் சரீர உபாதையைத் தேடாமலிருப்பது. மலச்சிக்கலும் காதுச் சீழும் நெஞ்செரிச்சலுங்கூடக் கோபமாகவும் அழுகையாகவும் வெளிப்படலாம். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர் வரவர மந்தமானால் தைராய்டு சுரப்புக் குறைந்திருக்கலாம். நாற்பதைக் கடந்து, பழகிய காரியங்களையே அவர் மறந்தால், அல்ஸைமர் நோய் பிறருக்கு வருவதைவிட முன்னதாகவே தொடங்கியிருக்கலாம். வலிப்புக்காக நெடுங்காலம் மாத்திரை உட்கொண்டவரின் எலும்பு வலுவிழந்திருக்கலாம்.

பெரியநாயக்கன்பாளையத்து ராமகிருஷ்ண மிஷன் வளாகத்தில் சிறப்பாசிரியர்கள் பயிற்சி பெற்றுவரும் இப்பிரதேசத்தில், அறிவுசார் குறைபாடுடையோரைப் பள்ளிப் பருவம் வரையிலாவது கவனிக்க ஒரு கண் உண்டு. அதற்குப்பின் தெருக்கோடி வைத்தியரே எஞ்சுகிறார். இங்கிலாந்தில் 14 வயது முதல் ஆண்டுதோறும் குடும்ப மருத்துவரிடம் முழுப் பரிசோதனை பெற இவர்களுக்கு வழியிருக்கிறது; இங்கோ, 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 25-ஆம் பிரிவில் சிகிச்சைக்கு முன்னுரிமை கூறியிருந்தும், டோக்கன் வரிசையில் காத்துக் கலவரமுற்று, பார்க்கப்படாமலே திரும்புவோர் உண்டு.

சோமனூர் வைத்தியர் அன்றே பல் மருத்துவருக்குக் கடிதம் கொடுத்து, இனிக் கூட்டம் கலைந்த மத்தியான வேளையிலேயே வரும்படி ஏற்பாடு செய்தார். "எனக்கப்புறம் இவனுக்கு என்ன நோவுன்னு யாருங்க கண்டுபுடிப்பாங்க?" என்று தாயார் தழுதழுத்தபோது, அவர் பதில் சொல்லாமல், புதிய நோட்டுப் புத்தகம் ஒன்றின் முதற் பக்கத்தில் எழுதலானார்: வலி வந்தால் வலக் கன்னத்தில் அடித்துக்கொள்வார், டார்ச்சைக் கையில் கொடுத்தால் வாயைத் திறப்பார்.