சராசரி மகசூலை நம்பிக் கடன் வாங்கலாமா?

வேப்பம்பட்டு பகுதியில் சம்பா நெல் நடும் விவசாயியிடம் ஏக்கருக்கு எத்தனை மூட்டை என்று கேட்டால், ஒரு சராசரியைச் சொல்வார். உரத்துக்கும் நடவுக் கூலிக்கும் வாங்கும் கடனும் அந்தச் சராசரியை நம்பியே இருக்கும்.

உதாரணத்துக்கு, ஒரு வயலின் 10 ஆண்டு மகசூல் ஏக்கருக்கு 30, 28, 27, 26, 25, 25, 24, 23, 14, 8 மூட்டை என்று வைத்துக்கொள்வோம். சராசரி 23. ஆனால், வீட்டு நகை அடகுக்குப் போவது 14-ம் 8-ம் வந்த ஆண்டுகளில்தான். சராசரி அவற்றை மறைத்துவிடுகிறது.

அடிமட்டத்தைப் பார்க்கும் கணக்கு

ரோஜர் கோயங்கர், கில்பர்ட் பாசெட் ஆகியோர் 1978-ல் வெளியிட்ட ‘குவான்டைல் ரெக்ரஷன்’ என்ற புள்ளியியல் முறை, சராசரியோடு நிற்பதில்லை. பத்தில் ஓர் ஆண்டு வரும் மோசமான விளைச்சல் எதனால் மாறுகிறது, நல்ல விளைச்சல் எதனால் மாறுகிறது என்று தனித்தனியாகக் கணிக்கிறது.

மொத்த மழை போதாது

ஒரு பருவத்தில் 600 மி.மீ. மழை பரவலாகப் பெய்தால் பயிர் தாங்கும். அதில் பாதி இரண்டே நாளில், பூக்கும் தருணத்தில் கொட்டினால் பதர் கூடும். அறுவடை நேரத்தில் கொட்டினால் பயிர் சாயும். மொத்தம் ஒன்றுதான், விளைச்சல் வேறு. எனவே, தினசரி மழையைப் பருவம் முழுதும் ஓடும் ஒரே வளைகோடாக எடுத்துக்கொள்கிறார்கள். இதற்கு ‘ஃபங்ஷனல் டேட்டா’ என்று பெயர். இரு முறைகளையும் சேர்த்தால், எந்த வாரத்து மழை மோசமான ஆண்டின் மகசூலை மேலும் குறைக்கிறது என்று கணிக்கலாம். அதற்கேற்ப விதைப்புத் தேதியையும் ரகத்தின் வயதையும் மாற்றலாம்.

என்ன செய்யலாம்?

ஒரு வயலின் கணக்கு மட்டும் இதற்குப் போதாது; பல வயல்களின் பல ஆண்டுக் குறிப்புகள் தேவை.

* நேர்ச்சுவர் டப்பாவைத் திறந்த வெளியில் வைத்து, தினமும் காலை 8.30 மணிக்கு மழைநீரின் உயரத்தை ஸ்கேலால் அளந்து எழுதுங்கள். 1 மி.மீ. மழை ஏக்கருக்குச் சுமார் 4,000 லிட்டர் நீர்.
* விதைப்பு, பூப்பு, அறுவடைத் தேதிகளையும் மகசூலையும் குறியுங்கள்.
* நஷ்டமான ஆண்டை விட்டுவிடாதீர்கள். இந்தக் கணக்குக்கு அதுதான் முக்கியம்.

குறிப்பேட்டைத் திரூர் வேளாண் அறிவியல் நிலையத்திலோ வேளாண் உதவி அலுவலரிடமோ காட்டி ஆலோசனை பெறலாம். அதுவரை, கடன் வாங்கும்போது சராசரியை விட்டு, உங்கள் மோசமான ஆண்டின் மூட்டைக் கணக்கை மனதில் வையுங்கள்.